குத்ரத்தின் முன்பற்கள்

குத்ரத்துல்லா நயிமியின் முன்பல் ஓர் அடக்கத்தின் நடுவில் ஆடத் தொடங்கியது. உடலைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாடகர் ஃபர்ஹங் ஒரு வரியை முடித்துவிட்டு, அடுத்து குழல் வரும் என்று காத்து நின்றார். குழல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

இஸ்பஹானில் நேய் என்ற நாணல் குழலை உதட்டில் வைத்து ஊதுவதில்லை. பித்தளை வளையம் போட்ட அதன் நுனியை மேல்முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் பொருத்தி, நாக்கால் காற்றை உள்ளே திருப்ப வேண்டும். குத்ரத்துக்குப் பிறவியிலேயே அங்கே ஓர் இடைவெளி. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்தவர்களின் தகப்பன்மார்களுக்கு, பிற்காலத்தில் கல்லறையோரம் நின்று அவர்தான் ஊதினார். பகலில் வாடகைக் கார், சாவு விழுந்தால் குழல். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து டீ குடிக்கக்கூட அந்த மனிதருக்குப் பொறுமை இருந்ததில்லை. நின்றபடியே சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் வழியாக டீயை உறிஞ்சிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஈறு நோய். இரண்டு பற்களையும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர் நஸ்தரன். எடுத்த பிறகு என்ன செய்யலாம் என்பதையும் சொன்னார்.

“பல் செட்டுன்னா சீக்கிரம் ஆயிடும் உஸ்தாத். எலும்பைத் தொட வேண்டாம். ஆனா கழட்டிக் கழட்டி மாட்டணும், கொஞ்சம் ஆடும். இம்ப்ளாண்ட்டுன்னா எலும்புக்குள்ள திருகு வெச்சு, அது நல்லாப் பிடிச்ச அப்புறம்தான் மேல பல்லு. மாசக்கணக்குல ஆகும். சிகரெட்டை விடணும். ஆனா அசையாது.”

“எதுல ஊத முடியும்?”

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். “இதுவரைக்கும் என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல. எல்லாரும் எதுல கபாப் கடிக்கலாம்னுதான் கேப்பாங்க.”

காத்திருக்க முடியாதவர் எதைக் கேட்பார்? பல் செட்டைத்தான் கேட்டார்.

அது தயாரானதும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தார். வாய் நிறைந்திருந்தது. அதுதான் தொல்லை. மேலண்ணத்தை மூடிய அந்தத் தகடு நாக்குக்கு இடமே விடவில்லை. குழலின் வளையம் முன்னால் அழுத்தினால் தகடு பின்னால் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் நீட்டிய, பல்லில் ஒட்டும் கஸ் மிட்டாயை மரியாதைக்காக ஒன்று வாயில் போட்டார். மிட்டாயோடு பல்லும் வெளியே வந்தது.

ஆனாலும் விடவில்லை. ஒரு நாற்பதாம் நாள் கூட்டத்துக்கு மாட்டிக்கொண்டு போனார். உச்ச சுரத்தில் தகடு கழன்று குழலோடு நழுவியது. சட்டென்று கையால் வாயைப் பொத்தி, தலையைக் குனிந்துகொண்டார். “பாவம், யாரோ எவரோ, இப்படி உருகுறாரே!” என்று இறந்தவரின் மருமகள் விம்மினாள். கூட்டமே அழுதது. ஃபர்ஹங் மட்டும் அழவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த அடக்கத்துக்கு ஃபர்ஹங் ஒரு சின்ன கீபோர்டைக் கொண்டுவந்தார்.

“இதுல நேய்னே ஒரு பொத்தான் இருக்கு, குத்ரத் ஜான். நீ பல்லு சரியாகி வர்ற வரைக்கும்தான்.”

“மூச்சு வாங்குதா அது?”

“அதுக்கு எதுக்குப்பா மூச்சு?”

“அப்ப நான் எதுக்கு வரணும்?”

ஃபர்ஹங் பொத்தானை அழுத்தினார். குழல் சத்தம் அப்பழுக்கில்லாமல் வந்தது. குத்ரத் காரை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போய், “திருகே வெச்சிடுங்க” என்றார்.

எலும்பு திருகைப் பிடிக்கும்வரை அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அவர் சிகரெட்டை விட்டார். அதற்குப் பதில் கதவுகளைத் திறந்து திறந்து மூடினார். குழலை உறையிலிருந்து எடுப்பார், துளைகளில் விரல்களை ஓட்டுவார், உறையில் போடுவார். “ஒரு இடத்துல உக்காரேன் குத்ரத்! தரைவிரிப்பு தேஞ்சுபோச்சு” என்று மனைவி மஹீன் கத்தினாள். வறண்டு கிடந்த ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று ஊரே பாலத்துக்கு ஓடிய அன்று அவரும் ஓடினார். வளைவுகளுக்கு அடியில் வழக்கம்போலப் பாட்டு. நடுவில் யாரோ குழல் ஊதினார்கள். சுமாராகத்தான் ஊதினார்கள். அதையும் கேட்க முடியாமல், இரட்டை வரிசையில் நிறுத்தியிருந்த காருக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில் பல் வைக்கும் நாள் வந்தது. டாக்டர் நஸ்தரன் நெடுநேரம் குனிந்து வேலை செய்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கண்ணாடியை நீட்டினார்.

“உங்க தகுதிக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல உஸ்தாத். ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க.”

வெள்ளை வெளேரென்று இரண்டு பற்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை. பழைய பற்கள் ஈறு நோயில் சாய்ந்து கிடந்ததால், அந்த இடைவெளியும் நோயால் வந்தது என்றே டாக்டர் நினைத்திருந்தார். குத்ரத்துக்கு அது தெரியாது. கண்ணாடியையும் டாக்டரின் களைத்த கண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க கை வலிக்கவே கூடாது டாக்டர். அற்புதம்” என்று ஊர் மரியாதைப்படி நன்றி சொன்னார். எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

வீட்டில் குழல் அந்தப் பற்களின்மேல் டக்கென்று மோதி நின்றது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் டக், டக். மஹீன் சமையலறையிலிருந்து வந்தாள்.

“மாத்தணுமான்னு அவங்க கேக்கலையா?”

“கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அற்புதம்னு சொன்னேன். அவங்க எவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னாங்க தெரியுமா? மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?”

“கார்ல ஏறினவன் காசு நீட்டினா, ‘இருக்கட்டும், நீங்க நம்ம விருந்தாளி’ன்னு சொல்லுவ. அவனுக்கு வழக்கம் தெரியும், கையில திணிச்சிட்டுப் போவான். பல்லுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியுமா?”

அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். இரும்பைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். மஹீன் கதவை உடைக்காத குறையாகத் தட்டி, அவர் கையிலிருந்த நக அரத்தைப் பிடுங்கினாள். “நீயே போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்.”

மறுநாள் காலை அவருடைய கார் டாக்டரின் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பயணி ஒருவர் பின்னால் இருந்து, “இந்த ரொட்டிக் கடைய முன்னாடியே பாத்தோமே அண்ணே!” என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, போக வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு, மறுபடி வந்தார். படியேறினார்.

“வாங்க உஸ்தாத்! பல்லு நல்லா இருக்கா?” என்றார் டாக்டர் நஸ்தரன்.

“ரொம்ப நல்லா இருக்கு, உங்க புண்ணியத்துல…”

கால் ஆடிக்கொண்டே இருந்தது. குழலை உறையோடு அக்குளில் இடுக்கியிருந்தார். அதை உருவி மேசைமேல் வைத்தார்.

“நல்லா இல்ல டாக்டர்.”

அவருக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

“அழகா இருக்கு. எனக்கு அழகு வேண்டாம். சந்து வேணும். இது போற அளவுக்கு ஒரு சந்து.”

“அன்னைக்குக் கேட்டேனே?”

“கேட்டீங்க. நான் பொய் சொன்னேன்.”

டாக்டர் நஸ்தரனின் முகம் சிவந்தது. பிறகு, குழலின் பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நல்லவேளை, இது தற்காலிகப் பல்லுதான். பல்லை மட்டும் கழட்டித் தேச்சுப் பாக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். மரியாதைக்கு ஒரு வார்த்தை வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

கழற்றினார், தேய்த்தார், மாட்டினார். ஊதினார் குத்ரத். சீறல்தான் வந்தது. மறுபடி கழற்றினார். மறுபடி சீறல், ஆனால் அதற்குள் எங்கோ ஒரு முனகல். மறுபடி. நாக்கு மேலே போய் இடம் தேடியது, தடுமாறியது, நின்றது. தாழ்ந்த சுரம் ஒன்று கரகரவென்று கிளம்பி அறையை நிறைத்தது. முன்பெல்லாம் பல் நடுங்கும். இப்போது பல் கல்லாக நிற்க, கன்னத்து எலும்பு முனகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை இழுத்தார். கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

வெளியே காத்திருந்தவர்களில் கன்னம் வீங்கிய ஒருவர் எழுந்து நின்று, இறந்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹாவை ஓதத் தொடங்கினார். ஒரு பெண்மணி கதவைத் திறந்து, “ஐயோ, யாரு போயிட்டாங்க?” என்றார்.

“யாரும் போகலம்மா, உக்காருங்க” என்றார் டாக்டர். பிறகு குத்ரத்தின் பக்கம் திரும்பினார். “இப்ப எப்படி இருக்கு? உண்மைய மட்டும்.”

குத்ரத் குழலைக் கீழே இறக்கினார். “உங்க கை…” என்று தொடங்கி, விழுங்கிக்கொண்டார்.

“இடது பல்லுல இன்னும் ஒரு மயிரிழை தேய்க்கணும்.”