உப்புக் காற்றில் கரி அடுப்பு விற்ற கதை

மரக்காணத்தில் இரும்புச் சாமான் விற்பது, உச்சி வெயிலில் ஐஸ் விற்கிற மாதிரியான தொழில். வாங்கியவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி போயிருக்கும். உப்பளத்துக் காற்று முதலில் பூட்டைத் தின்னும், அப்புறம் சைக்கிளை, அப்புறம் ஜன்னல் கம்பியை. விற்று மாட்டிக்கொண்டவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள் இரண்டு பேருக்குமே நான் சொல்வது புரியும்.

எங்களுடையது ரோட்டோரத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. என் வீட்டுக்காரர் இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வார். நான் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பேன். 2005 வாக்கில் ஈ.சி.ஆர். ஓரமாக வீடு கட்டியவர்கள், வாசலில் வைத்து மீனும் கோழியும் சுடுகிற கரி அடுப்பு கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூரிலும் ஆசை வந்தது. செய்து விற்போம் என்றேன். அவருக்கு மனசே இல்லை. கேட் துருப்பிடித்தால் பெயின்ட் அடித்துக்கொள்வார்கள், சாப்பாட்டுச் சாமான் துருப்பிடித்தால் நம் மூஞ்சியில் விட்டெறிவார்கள் என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஒரே ஒரு அடுப்பு திரும்பி வந்தாலும், நீ கடையில உக்கார்றத விட்டுட்டு வீட்டோட இருந்துக்கணும் ஸ்டெல்லா."

சரி என்றேன். எனக்கு அந்த ஸ்டூல் உயிர். நாலு பேரோடு பேசி, பேரம் முடித்து, சாயங்காலம் கை கழுவும்போது வருகிற நிறைவு வீட்டுக்குள் எனக்கு வந்ததே இல்லை. ஆனாலும் பயப்படவில்லை. என் அடுப்பு திரும்பி வராது என்று அவ்வளவு நம்பிக்கை.

காந்தம் கொண்டுவந்தவர்

எங்கள் அடுப்பு இப்படி: கரி போடுகிற பெட்டி தடித்த இரும்புத் தகடு, மேலே மீன் வைக்கிற கம்பி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முழுக்க ஸ்டீலில் செய்தால் விலை கேட்டதுமே ஆள் பஸ் ஏறிவிடுவார். வாய்க்குப் போகிற சாமான் படுகிற இடத்தில் ஸ்டீல் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

பாண்டிச்சேரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருத்தர் வந்தார். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். உடைந்த ரேடியோவில் கழற்றியது என்று அவரே பெருமையாகச் சொன்னார். பெட்டியில் வைத்தார், ஒட்டியது. காலில் வைத்தார், ஒட்டியது. ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்தார். கம்பியில வைங்க சார் என்றேன். ஒவ்வொரு கம்பியாக வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் நிற்கவில்லை, அசல் ஸ்டீல். கம்பி எண்ணுவதைப் பற்றி என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஏதோ முணுமுணுத்தார். நல்ல வேளை, கிரைண்டர் சத்தத்தில் அது வந்தவர் காதில் விழவில்லை.

அவருக்குத் திருப்திதான். ஆனாலும் காந்தத்தைப் பையில் போட்டபடியே கேட்டார்: "இரும்பு சரிதாம்மா, ஒத்துக்கறேன். மீனு இதுல புடிச்சுக்காம வருமான்னு பாக்க என்னத்த கொண்டாரணும்?"

லேசான அடுப்பு

இடையஞ்சாவடிப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி ஆட்டோவில் ஓர் அடுப்பைக் கொண்டுவந்தார்கள். பெரிய ஊரில் வாங்கியதாம். சக்கரம், மூடி, சூடு காட்டுகிற முள், எல்லாம் இருந்தது. அடிப்பாகம் மட்டும் இல்லை. ஒரு மழைக்காலம் வெளியில் நின்றிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோழியை வைத்ததும் கரியோடு சேர்ந்து அடி கழன்று தரையில் விழுந்துவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் தகட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிஸ்கட் டப்பா கனம்தான் இருந்தது. இதில் வெல்டு வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும் என்று கையை விரித்துவிட்டார். நான் அவர்களுக்குத் தகட்டின் ஓரத்தைக் காட்டினேன். உப்புக் காற்றில் துரு வராத இரும்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துரு வரும், தின்றாலும் பல வருஷம் தின்னுகிற மாதிரி தகடு கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாம்பலை உள்ளேயே விட்டால் ஈரம் இழுத்து அடியை அரிக்கும், அதனால் இழுத்துக் கொட்டுகிற தட்டு இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். அந்தக் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் அடுப்பைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தவர், மனைவியின் பார்வை பட்டதும் கீழே வைத்துவிட்டார்.

அந்தம்மா சொன்னார்: "கனமானதையே போடுங்க. போன தடவ தூக்க லேசா இருக்குதுன்னு இவரு சந்தோஷப்பட்டாரு. வருஷம் திரும்பறதுக்குள்ள அது இன்னும் லேசாயிடுச்சு."

மீனால் எடுத்த அளவு

மீனவக் குப்பத்து ஏழுமலை அண்ணன் புது ஃபைபர் படகு வாங்கிய சமயம். அடுப்பு வேண்டும் என்று வந்தவரிடம் என்ன நீளம் என்று கேட்டேன். தோளில் கிடந்த சாக்கைப் பிரித்து மேஜை மேல் ஒரு கொடுவாய் மீனைப் போட்டார். அதுதான் அளவு. டேப் எல்லாம் எனக்குத் தெரியாது, தலையும் வாலும் கம்பிக்கு வெளியே தொங்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் மீனைத் தகட்டின் மேல் படுக்கவைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். அன்று முழுக்கப் பட்டறை நாறியது. மத்தியானம் நான் கொண்டுபோன சோற்றை அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று சாப்பிட்டார்.

கோடு போட்டு முடித்ததும் அண்ணன் குனிந்து பார்த்தார், திருப்தி இல்லை. "இது இன்னிக்கு மாட்டுனதும்மா. நாளைக்கு மாட்டப் போறதுக்கும் சேத்து எடம் விட்டுப் போடு."

கழுவிக் கழுவி

இனிமேல்தான் என் ஸ்டூலுக்கு ஆபத்து வந்த கதை.

எங்கள் சர்ச் பங்கிலேயே சுத்தமான வீடு எது என்றால், தையல் கடை சகாயமேரி அக்கா வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அக்காவும் அடுப்பு வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, அடுப்பு செவேல் என்று ஆகிவிட்டது, திருப்பிக் கொண்டுவந்து போடப் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் தூரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். உண்மைதான், பெட்டி முழுக்கத் துரு. ஏழுமலை அண்ணன் அடுப்பைக் கரையில் பார்த்திருக்கிறேன். காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடம், ஒரு நாளும் தேய்க்காதது, கறுப்பாகத் திடமாக இருந்தது. அக்காவோ ஒவ்வொரு தடவையும் சூடு ஆறுவதற்குள் போர் தண்ணீரை ஊற்றிப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். எங்கள் ஊர் போர் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்குத் தெரியும், அது பாதி உப்பளம். அண்ணன் அடுப்பைக் காப்பாற்றியது மீன் கொழுப்பு. அக்கா அடுப்பை அழித்தது அக்காவின் சுத்தம்.

இதை எப்படி அந்த அக்காவிடம் சொல்வது? துருவைச் சுரண்டிக் காட்டினேன், உள்ளே தகடு முழுசாக இருந்தது. சாம்பலைக் கொட்டுங்க, சூட்டோட துணியால எண்ணெய் தடவுங்க, தண்ணி மட்டும் வேண்டாங்க்கா என்றேன். எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் வைக்கச் சொல்கிற முதல் பொம்பளை நீதான் என்று திட்டினார். கெஞ்சினேன். என் ஸ்டூல் போய்விடும் என்பதையும் வெட்கம் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அக்கா அடுப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரி, ஒரு மாசம் கழுவாம வெக்கறேன். விருந்தாளி யாராவது மூஞ்ச சுளிச்சா, ஸ்டெல்லாதான் கழுவ வேணான்னுச்சுன்னு உன் பேரச் சொல்லிடுவேன்."

வண்டியில் வந்தது

அந்த மாசம் முடிவதற்குள்ளேயே, ஒரு காலையில் மூன்று சக்கர வண்டியில் அடுப்பு வந்து பட்டறை வாசலில் நின்றது. பக்கத்தில் குடை பிடித்தபடி சகாயமேரி அக்கா. வண்டிக்காரர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஸ்டூலிலிருந்து நானே எழுந்துவிட்டேன்.

உள்ளே வெல்டு வைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு என்னைத் தாண்டி ஓடினார். வண்டி மேலேயே அடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா வாய் திறப்பதற்கு முன்னால் அவர் பேசிவிட்டார். கோவில் வாசலில் அக்கா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா சிரித்துவிட்டார். அடுப்பில் ஒரு குறையும் இல்லையாம், குனிந்து சுட்டு இடுப்பு வலிக்கிறதாம், அடுப்புக் காலை ஒரு முழம் உயர்த்தித் தர வேண்டுமாம். பெட்டியைப் பார்த்தேன், எண்ணெய் ஏறிக் கறுப்பாக மின்னியது. அந்த வேலையைக்கூட என் வீட்டுக்காரர் பட்டறையில் செய்யவில்லை. மெஷினை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்ச் செய்து கொடுத்துவிட்டு வந்தார். அன்று வாசலில், அடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை:

"எறக்காதீங்கக்கா, எதுவா இருந்தாலும் நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன். கீழ எறக்கிட்டா திரும்பி வந்த கணக்காயிடும், அப்புறம் இவள வீட்டுக்கு அனுப்பிட்டு இந்தக் கடையில நான் என்ன பண்ணுவேன்?"

ஆக, உப்புக் காற்றில் அடுப்பு நிலைக்கத் தடித்த தகடு வேண்டும், அதை விற்கிறவள் நிலைக்கத் தான் போட்ட நிபந்தனையைத் தானே ஓடிப்போய் உடைக்கிற புருஷன் வேண்டும்.