மூன்று சாஃப்ட்வேரை இணைத்தவர்

எங்கள் பனியன் கம்பெனியில் நிட்டிங், சாயம், தையல் மூன்றுக்கும் வெவ்வேறு சாஃப்ட்வேர். ஒரு ஆர்டர் எங்கே நிற்கிறதென்று அறிய மூன்று இடத்துக்கும் போன் போடவேண்டும். அவற்றை இணைக்க வெள்ளகோவிலிலிருந்து ஒரு பெண் வந்தார். கலைந்த கொண்டை. யாரிடம் பேசினாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவார்.

"ஏனுங்க, பழசையெல்லாம் தூக்கிட்டு ஒரே சாஃப்ட்வேரா போட்டுரலாமுங்களா?" என்றார் முதலாளி. பழையதை மட்டுமே அறிந்த சாயப்பிரிவு அக்காவின் முகம் வாடியது.

"வேண்டாமுங்க," என்றார் அந்தப் பெண். "அவங்கவங்க பழகுனதுலயே பதியட்டும். மூணுகிட்டயும் கேட்டு ஒரே பதிலாச் சொல்ற மாதிரி நடுவுல ஒண்ணு எழுதித் தர்றேனுங்க."

எழுதுகிறவருக்கு அதுதான் கஷ்டமான வழி என்று பிறகு தெரிந்தது. இப்போது ஒரே கேள்விக்கு மூன்றும் சேர்ந்து பதில் சொல்கின்றன. அக்காவும் வேலையில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெண் அப்படிச் சொன்னாரோ என்னவோ, கேட்கத் தோன்றவில்லை.