கழுகு ஒட்டிய கண்மூடிகள்

எங்கள் ஆய்வகத்தில் கோழிக்குஞ்சுகளுக்குக் கண்மூடி ஒட்டுகிறவருக்குக் கழுகு என்று பெயர். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பெயர். தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் எண்ணை எல்லாருக்கும் முன்னால் படித்துவிட்டு, "நமக்குக் கழுகுக் கண்ணு!" என்று மார்தட்டுவார். அதே மனுஷன் செய்தித்தாளை நாற்காலியில் சாய்த்துவைத்து எட்ட நின்று படிப்பார். ஐம்பது தாண்டினால் வருகிற வெள்ளெழுத்துதான், வேறென்ன? அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, வாங்கித் தந்த கண்ணாடி சட்டைப்பையிலேயே தூங்கியது.

"அதைப் போட்டா கிழவன்னு சொல்லிருவாங்க" என்பார். தலைக்கு மை அடிக்கிறவர் வேறெப்படிப் பேசுவார்? போடாமலேயே நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் முனைவர் பட்டம் இந்தக் குஞ்சுகளை நம்பித்தான் இருந்தது. குஞ்சின் ஒரு கண்ணைப் பால்நிற மூடியால் மூடினால் வெளிச்சம் உள்ளே போகும், ஆனால் உருவம் தெளியாது. மங்கலையே பார்க்கும் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் பின்னோக்கி நீண்டு வளர்ந்துவிடும். அப்புறம் தூரத்தில் இருப்பது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, பாதிக் குஞ்சுகளுக்குத் தெளிவான மூடி. காலில் சிவப்பு வளையம் போட்டதற்குப் பால்மூடி, நீல வளையத்துக்குத் தெளிமூடி. இவ்வளவுதான் கணக்கு.

கண்களை அளந்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிவப்பு வளையத்தில் பாதிக் கண்கள் நீளவே இல்லை. நீலத்தில் பாதி நீண்டிருந்தன.

"ஊர் உலகத்துக் குஞ்செல்லாம் ஒண்ணு சொல்லுது, உன் குஞ்சு மட்டும் வேற சொல்லுதா?" என்றார் பேராசிரியர். "அடுத்த தடவையும் இப்படின்னா, வேற வேலை பாத்துக்கோம்மா."

நேரே குஞ்சு அறைக்குப் போனேன். ஒரு சிவப்பு வளையக் குஞ்சைத் தூக்கினால் அதன் கண்ணில் தெளிமூடி! மேசைமேல் ஒரு தட்டு. இரண்டு வகை மூடி இருந்த டப்பாக்களையும் அதில் ஒன்றாகக் கொட்டிவைத்துப் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார் மகானுபாவர். டப்பாவை மாற்றி மாற்றித் திறந்தால் நேரமாகுமாம். இரண்டு மூடிகளை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அண்ணே, இதுல பால்மூடி எது?"

கையை நீட்டினார், கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார், கண்ணைச் சுருக்கினார். "எல்லாம் ஒண்ணுதானேம்மா. என்ன வம்பு பண்றே?"

"ஒண்ணு இல்லண்ணே! உங்க ஜம்பத்துக்கு என் படிப்புதான் கெடச்சுதா?"

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். உள்ளங்கையைப் பார்த்தார். "அட நாசமாப் போச்சே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நான் கேட்காமலேயே பேராசிரியரிடம் போய், "தப்பு என்னோடது சார், பாப்பாமேல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மட்டில் மனுஷன் மனுஷன்தான்.

அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வந்தன. கழுகு கண்ணாடியோடு உட்கார்ந்தார். டப்பாவும் தனித்தனி. முதல் குஞ்சைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் ஒட்டவே இல்லை.

"என்னண்ணே?"

"இத்தனை வருஷமா இதுங்க மூஞ்சியை நான் பாத்ததே இல்லம்மா. என்னையே பாக்குது."

குஞ்சின் காலில் இருந்த சிவப்பு வளையத்தைக் காட்டினேன். எனக்கு என் பட்டம்தான் பெரிசு. பால்மூடியைச் சரியாக எடுத்து, சரியான கண்ணில் ஒட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடுத்ததைக் குடு" என்றார். கொடுத்தேன்.