சொட்டுக்கூடக் குடிக்கவில்லை

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் அடைத்து வைக்கிற ஒரு கிடங்கில் சுளகு பிடித்துப் புடைப்பதுதான் பேச்சியின் வேலை. கல்யாணமான புதிதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷனோடு மட்டாஞ்சேரிக்கு வந்தவள். புருஷன் மூட்டை தூக்கினான். சாயங்காலமானால் சாராயம் குடித்தான். குடித்துவிட்டு வந்து அவளை அடித்தான். ஈரல் வீங்கி அவன் செத்துப்போனபோது, துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். "தங்கமான மனுசன். பாழாப்போன குடிதான் அவனைக் கெடுத்துட்டு." பேச்சியும் அதையே சொல்லி அழுதாள். அப்படி நம்புவதில் ஒரு ஆறுதல் இருந்தது. அத்தனை வருஷமும் தன்னை அடித்தது தாலி கட்டியவன் இல்லை, கடையில் விற்கிற ஏதோ ஒன்று என்று ஆகிவிடுகிறதே.

ஒரே மகன் சங்கிலிப்பாண்டி அப்பன் வேலைக்கே போனான். எழுபத்திநான்கில் சொந்தத்திலேயே பெண் பார்த்து சந்தனமாரியைக் கட்டி வைத்தாள் பேச்சி. வரிசையாக ஓடு போட்ட வாடகை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் துணி துவைக்கிற கல். வீடு பேச்சியின் பேரில்தான் இருந்தது.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் பாண்டியும் குடிக்க ஆரம்பித்தான். அப்பனைப் போலவே அவனும் பெண்டாட்டியைக் கை நீட்டினான். ஒருமுறை சந்தனமாரியின் உதடு கிழிந்தது. ஒருமுறை கடைவாய்ப் பல் ஆடிப் பிறகு விழுந்தது. காலையில் எழுந்ததும் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவான். "போதையில ஒண்ணுமே தெரியல சந்தனம். மன்னிச்சிரு" என்பான். பேச்சி மருமகளுக்கு மஞ்சள் பத்துப் போட்டபடி, "பாத்தியா, நெனப்பே இல்ல அவனுக்கு. குடி செய்யுத வேல" என்பாள்.

சந்தனமாரி அதிகம் பேசாதவள். ஆனால் கண் நன்றாகப் பார்க்கும். ஒருநாள் அடுப்பு ஊதிக்கொண்டே, "அத்தை, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு."

"நேத்து இவுக ஆடிக்கிட்டு வந்தாகல்ல, அப்ப யூனியன் கன்வீனர் சிவசங்கரன் சேட்டன் எதுக்க வந்தாரு. இவுக சட்டுன்னு மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டுட்டு, ஒதுங்கி நின்னு கும்பிட்டாக. அவுரு போனதும் திரும்பவும் மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள வந்து என்னைய அடிச்சாக. நெனப்பு இல்லாத ஆளுக்கு வேட்டிய எறக்கத் தெரியுமா?"

"வாய மூடு ஏட்டி. புருசனப் பத்தி இப்பிடியா பேசுவ?" என்று பேச்சி சத்தம் போட்டாள். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்த வரிசையின் முனையில் நாணு என்பவர் சாயாக்கடை வைத்திருந்தார். கடையைச் சாத்தியதும் தினமும் கள்ளு குடிப்பவர். குடித்தால் பாட்டுத்தான். பாடிக்கொண்டே வருவார், மனைவி ஜானகியிடம் திட்டு வாங்குவார், கப்பைக் கிழங்கும் மீனும் தின்றுவிட்டுத் தூங்கிப்போவார். "ஒங்க மகனை அந்த நாணுச் சேட்டன் குடிக்கிற கடையிலேயே குடிக்கச் சொல்லணும்" என்று கிடங்கில் பெண்கள் கேலி பேசுவார்கள். பேச்சி சிரித்துவிட்டுச் சுளகைத் தட்டுவாள். பட்டச் சாராயத்துக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

எழுபத்தொன்பது கோடையில் பாண்டிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் எலுமிச்சம்பழம் போல ஆகிவிட்டது. ஆசுபத்திரி டாக்டர் அவன் முகத்துக்கு நேரே சொன்னார்: "இனி ஒரு சொட்டு உள்ளே போனால் உன் அப்பன் போன வழிதான்." அப்பன் போன வழியை அவன் கூடவே இருந்து பார்த்தவன். பயந்துவிட்டான். நிஜமாகவே குடியை விட்டுவிட்டான்.

பேச்சிக்கு மகனின் நோவைவிட அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். கிடங்கில் லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள். பள்ளுருத்தியில் ஒரு வைத்தியர் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் ஆகாது என்றார். அவன் குடித்த தண்ணீர்கூட பேச்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்ததுதான். வாசலைத் தாண்டி அவன் எங்கும் போகவில்லை. வீட்டில் அடி இல்லை, சத்தம் இல்லை. சந்தனமாரியின் முகத்தில் சதை பிடித்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பேச்சி தெருவில் எல்லாரிடமும் சொன்னாள்.

உடம்பு தேறித் தெம்பு வந்த ஒரு மத்தியானம். பேச்சி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே சந்தனமாரி கஞ்சி வைத்தாள்.

"உப்புப் போடு" என்றான் பாண்டி.

"இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு."

"போடுன்னா போடு."

"அத்தை கேட்டா நான் என்ன சொல்ல?"

பேச்சு நின்றுவிட்டது. அந்த மௌனம்தான் பேச்சியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுக்களை வழியாக முன்னறை முழுக்கத் தெரிந்தது. பாண்டி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, சிந்தாமல் சுவரோரம் ஒதுக்கி வைத்தான். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். பிறகு திரும்பி வந்து சந்தனமாரியின் கன்னத்தில் அறைந்தான். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். விறகு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

ஈரக்கையோடு ஓடி வந்து பேச்சி நடுவில் விழுந்தாள். "ஏலே, விடுலே!"

"நீ தள்ளும்மா" என்றான் அவன். குரல் உயரவில்லை. கண்ணில் சிவப்பில்லை. வாயில் மோர் வாடைதான் அடித்தது. தாயை ஒரு விரல்கூடத் தொடாமல், சுற்றிக்கொண்டு போய் மனைவியை இன்னொரு அடி அடித்தான்.

பேச்சி மகனின் முகத்தையே பார்த்தாள். அவளுடைய புருஷன் தெளிந்த முகத்தோடு அடித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மனுஷனும் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிப்பான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருமகள் சொன்ன வேட்டி விஷயமும் கூடவே வந்தது. அழுகை வரவில்லை.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள். சந்தனமாரியின் கையைத் தன் சேலைத் துணியால் சுற்றிக் கட்டினாள். நாணு கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார்.

ரிக்‌ஷாவில் சந்தனமாரி முனகினாள். "விழுந்துட்டேன்னு சொல்லிக்கிடுவோம் அத்தை."

"நீ விழல. நான் பாத்தேன்."

"வீட்டு மானம்..."

"போகட்டும்" என்றாள் பேச்சி.

ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டதும், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷாவை விடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பாண்டியையும் கூட்டிவந்தார்கள். கூடவே மளிகைக்கடை வெங்கிடாசலமும் வந்தார். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவர்களுக்கு எது என்றாலும் முன்னால் நிற்கிற பெரிய மனுஷர். அவர்தான் வரும் வழியில் பாண்டிக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டதும் அவன் கையைக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் குடிச்சிட்டேன் சார். போதையில என்ன செய்தேன்னே தெரியல" என்றான்.

பேச்சி திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

வெங்கிடாசலம் அவளைத் தனியே அழைத்தார். "பேச்சி, நான் சொல்லுதத கேளு. குடிச்சிட்டுச் சண்டைன்னா சின்ன விசயம். அபராதம் கட்டிட்டு இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரலாம். தெளிஞ்ச புத்தியோட கைய முறிச்சான்னு ஆச்சுன்னா பெரிய கேசாயிரும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா தலைய ஆட்டு, போதும்."

"அவன் குடிக்கலியே அண்ணாச்சி."

"அது எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். பெத்தவ நீ. காப்பாத்த வேண்டாமா?"

"ரெண்டு பேரும் நான் காப்பாத்த வேண்டியவகதான்" என்றாள் பேச்சி. "இவன இத்தன நாளும் காப்பாத்துனேன். அதுல அந்தப் பிள்ளைக்குப் பல்லு போச்சு, இப்பம் கை போச்சு."

இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டார். "அம்மே, இவன் குடிச்சிருந்நோ? நல்லா ஆலோசிச்சுச் சொல்லணும்."

சந்தனமாரி சுவரில் சாய்ந்து நின்றாள். பாண்டி முதல்முறையாகத் தலை நிமிர்ந்து தாயைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, அதே பார்வை. பேச்சி அவனிடமிருந்து இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"குடிக்கல சார். சொட்டுக்கூடக் குடிக்கல. காமாலை வந்ததுலேருந்து நான்தான் கூடவே இருக்கேன். கஞ்சி சிந்தாம எடுத்து வச்சான். கதவத் தாழ்ப்பாப் போட்டான். அப்புறம் அடிச்சான். என்னைய அடிக்கல, பாத்துக்கிடுங்க. எல்லாம் தெரிஞ்சுதான் செய்தான்."

"அம்மா!" என்று பாண்டி கத்தினான்.

"குடிச்சப்பவும் தெரிஞ்சுதாம்லே செஞ்சிருக்க" என்றாள் அவள் அவனிடம் திரும்பி. "குடி ஒன் கைக்கு வேகம் குடுத்துச்சு. கை ஒன்னோடதுதான். ஒங்கப்பனுக்கும் அப்பிடித்தான். எனக்குத்தான் புத்தி லேட்டா வந்துச்சு."

அவள் சொன்னதை இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். கோர்ட்டிலும் பேச்சி அதையே சொன்னாள். பாண்டிக்குச் சில மாத ஜெயில் கிடைத்தது.

தெரு அவளைச் சும்மா விடவில்லை. பெற்ற பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பினவள் என்று பேர் வந்தது. குழாயடியில் பேச்சு நின்றுபோகும். வெங்கிடாசலம் கடையில் அவளுக்குக் கடைசியாகத்தான் சாமான் கட்டுவார்கள். அவள் நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். நாணு ஒருநாள் சாயாவை ஆற்றிக் கொடுத்தபடி சொன்னார்: "ஞானும் குடிக்கிற ஆளுதானே பேச்சியம்மே. கள்ளு எனிக்குப் பாட்டுதான் தந்நது. ஜானகிய அடிக்க ஒருநாளும் சொல்லித் தந்நதில்ல." பேச்சி சாயாவைக் குடித்துவிட்டு, "அத நான் முன்னமே ஒங்ககிட்ட கேட்டிருக்கணும் சேட்டா" என்றாள்.

மகனைப் பார்க்க அவள் படகேறி அக்கரை ஜெயிலுக்குப் போனாள். முதல் தடவை அவன் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். காவலர் ஒருவரைப் பிடித்து, "ஈரல் நோவு கண்ட பிள்ள. உப்பு, எண்ணெ கொறச்சுப் போடச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சிவிட்டுத் திரும்பினாள். படகில் வரும்போதுதான் அத்தனை நாள் வராத அழுகை வந்தது. யாராவது செத்துப்போனார்களா என்று பக்கத்திலிருந்த பெண்கள் விசாரித்தார்கள்.

சந்தனமாரியின் கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. கிடங்கில் சுளகு பிடிக்க அது தோதுப்படாது. சுக்கைத் தரம் பார்த்துப் பிரிக்கிற வேலைக்குப் பேச்சி அவளைச் சேர்த்துவிட்டாள். காலையில் இரண்டு பேரும் தூக்குவாளியோடு சேர்ந்து கிளம்புவதைத் தெரு பார்த்தது. ஊரிலிருந்து சந்தனமாரியின் தகப்பனார் வந்து மகளைக் கூப்பிட்டார். "நான் அத்தை கூடவே இருந்துக்கிடுதேன்ப்பா" என்று அவள் சொல்லிவிட்டாள்.

விடுதலையான அன்றே பாண்டி வீட்டு வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். "குடியை அடியோட விட்டுட்டேம்மா" என்றான்.

"அது ஒன் ஈரலுக்கு நல்லது" என்றாள் பேச்சி, வாசலை மறித்து நின்றபடி. "அடிய விட்டியா?"

"குடி இல்லாட்டி நான் எதுக்கு அடிக்கப் போறேன்?"

"இன்னும் அந்தப் பொய்யத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்க. அப்பம் உள்ள வராத. எங்கயாச்சும் ஒரு இடம் பாத்துக்கோ. சாப்பிட்டியா?"

அவன் திரும்பிப் போய்விட்டான். பள்ளுருத்தியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அங்கேயே சுமை வேலைக்குப் போனான். பேச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். சில வாரம் பேசுவான். சில வாரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நடுவில் கொஞ்ச நாள் மறுபடியும் குடித்தான், பிறகு விட்டான். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எண்பத்திநான்கில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது அவனாகவே பேசினான். தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவ என்னைய மதிக்கலன்னு தோணும்மா. அப்ப அடிச்சா அடங்குவான்னு தெரியும். குடிச்சிருந்தா யாரும் கேக்க மாட்டாகன்னும் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

பேச்சி அவன் முதுகில் கையை வைத்தாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

அவன் சொன்னதை அப்படியே மருமகளிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சேர்ந்து இரு என்றும் சொல்லவில்லை. சந்தனமாரி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பமாவது சொன்னாகளே" என்றாள். "நல்லது. ஆனா அவுக கூட வாழ எனக்கு மனசு இல்ல அத்தை. நான் இங்கதான் இருப்பேன்."

"இரு. ஒன் வீடுதான்" என்றாள் பேச்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிலைப் பள்ளுருத்திக்குக் கொண்டுபோனாள். பாண்டி கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். அவனுக்கென்று கட்டிக் கொண்டுவந்த சோற்றை அவள் பிரித்து வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.