விழாத தொப்புள்கொடி

தங்கச்சியின் இரண்டாவது பிள்ளைக்கு நாற்பது நாளாகியும் தொப்புள்கொடி விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது. பிள்ளையின் உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

"சீழ் ஒண்ணும் இல்லண்ணே. ஆறிடும்" என்றாள்.

பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பது என் வேலை. சீழ் இல்லை என்று அவள் சொன்னதுதான் எனக்கு இடித்தது. கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெண்குருதிக் கலங்கள்தானே சீழ். இவ்வளவு சிவந்த இடத்துக்கு அவை ஏன் வரவில்லை?

"கெளம்பு. இப்பவே போவோம்."

பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தது. இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் பிள்ளையின் இரத்தம் என் மேசைக்கு வந்தது. வெண்குருதிக் கலங்கள் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. இரத்தப் புற்றுநோயோ என்று கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தேன். ஆனால் நுணுக்குக்காட்டியில் எல்லாம் நன்கு முதிர்ந்த கலங்கள், புற்றுநோயில் வரும் இளங்கலங்கள் இல்லை. இத்தனை இருந்தும் ஒன்றுகூடத் தொப்புளுக்குப் போகவில்லை.

பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையைத் தொடுமுன்னே என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "கொடி எப்ப விழுந்தது?" என்று கேட்டார்.

"இன்னும் விழலைங்க" என்றாள் தங்கச்சி.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கலங்கள் கனக்க இருக்கு. ஆனா ஒட்டேலாமல் இருக்கு எண்டு நினைக்கிறன். கலத்தின்ரை மேலை கொக்கி மாதிரி இருக்கிற ஏற்பி இரத்தக் குழாய்ச் சுவரிலை ஒட்டினாத்தானே கலம் வெளியாலை வரலாம். கிருமியைப் பிடிச்சு விழுங்கவும் அதே ஏற்பிதான் வேணும். கொடி அறுந்து விழுறதுக்கும் அந்தக் கலங்கள் அங்கை வரவேணும்."

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. டொக்டரிடம் கேட்டுக்கொண்டு மீதி இரத்தத்தில் நானே பார்த்தேன். பாணுக்குப் போடும் ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்து, கலங்கள் நீக்கிய குருதி நீரில் ஊறவைத்தேன். அந்த நீரிலுள்ள புரதங்கள் ஈஸ்ட்டின் மேல் படியும். வெண்குருதிக் கலத்தின் ஏற்பிகள் அந்தப் படிவைப் பற்றிக்கொள்ள, கலத்தின் சவ்வு சுற்றிப் பரவி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். என் இரத்தத்தில் ஒரு பங்கு, பிள்ளையினதில் ஒரு பங்கு. இரண்டிலும் அந்த ஈஸ்ட்டைக் கலந்து, உடம்புச் சூட்டில் அரைமணி நேரம் வைத்துச் சாயமிட்டேன்.

என் கலங்களுக்குள் இரண்டும் மூன்றுமாக ஈஸ்ட் கிடந்தது. பிள்ளையின் கலங்களுக்குப் பக்கத்தில், தொட்டுக்கொண்டு, வெளியே கிடந்தது. ஒன்றாவது விழுங்கியிருக்காதா என்று தகட்டுக்குப் பின் தகடாகத் தேடினேன். எங்கோ ஒன்றிரண்டு. அவ்வளவுதான்.

கொழும்பு முடிவும் அதையே சொன்னது. அந்த ஏற்பி பெயருக்குத்தான் இருந்தது. வெண்குருதிக் கலங்கள் பிறக்கும் எலும்பு மச்சையை வேறொருவரிடமிருந்து எடுத்து வைக்கவேண்டும் என்றார்கள். அதுவரை மருந்தால் பிள்ளையைத் தாங்கினார்கள். தங்கச்சியின் மூத்த மகளுக்கு ஆறு வயது; அவளுடையது பொருந்தியது.

"மாமா, என்னோடத வச்சா பாப்பாவும் என்னய மாதிரி ரொம்ப பேசுமா?" என்றாள் அவள்.

"பேசட்டும்" என்றேன்.

மச்சை வைத்த பிறகும் தங்கச்சி பிள்ளையோடு கொழும்பிலேயே மாதக்கணக்காக இருந்தாள். பிறகு ஒருநாள் காலை போனில் அழைத்தாள். "அண்ணே, புதுக் கலத்துல அந்த ஏற்பி இருக்காம். நல்லா இருக்காம்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பிள்ளை இப்போது நடக்கிறாள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவள் இரத்தம் என்னிடம் வரும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும், கையெழுத்திடுமுன் எழுந்து வாசல்வரை போய்வந்து, இன்னொரு தடவை பார்க்கிறேன்.