எந்தப் பக்கம் அடைப்பது

தணிகாசலம் அண்ணன் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆல்டரேஷன் வேலை. பேன்ட் வாங்கியவர்கள் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் நீளத்தைக் குறைத்துத் தந்துவிடுவார். வயது நாற்பத்தொன்று, படிப்பு ஒன்பதாவது வரை. ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

நான் அதே கடையின் மூன்றாவது மாடியில் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ‘கோ’ ஆடிக்கொண்டிருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார். கறுப்பு, வெள்ளைக் கற்களைக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் வைத்து இடம் வளைக்கும் ஆட்டம் என்று சொன்னேன். மறுநாள் பழைய துணியில் சாக்கட்டியால் கட்டம் போட்டு வைத்திருந்தார். சட்டைப் பித்தான்கள் வெள்ளை, பேன்ட் பித்தான்கள் கறுப்பு.

இந்த ஆட்டத்தில் முதலில் மூலைகளைத்தான் பிடிக்க வேண்டும். மூலையில் யார் எங்கே வைத்தால் பதிலுக்கு எங்கே வைப்பது என்று வழிவழியாக வந்த வரிசைகள் உண்டு. அவற்றைப் பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நம் மூலைக்கல்லுக்கு உள்ளே எதிரி புகுந்தால் வலப்பக்கம் அடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

அவர் நோட்டில் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். “இன்னா தம்பி, நம்ம கல்லு எந்தப் பக்கம் கீதுன்னு பாக்க வேணாமா? துணியப் பாக்காம கத்திரி வெக்கிற மாரி கீது.”

“புக்குல அப்படித்தான்ணா இருக்கு. மனப்பாடம் பண்ணிக்குங்க.”

பதினைந்து வருடம் நான் அப்படித்தான் பாஸானேன். ஏன் என்று கேட்டு ஒரு மார்க்கும் வாங்கியதில்லை. படித்தவன் சொல்கிறேன் என்று அவரும் பஸ்ஸில் நின்றபடியே படித்தார்.

அடையாறில் ஞாயிறுதோறும் ஆட்டக்காரர்களைக் கூட்டும் ஜெயபாரதி, தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எப்போதும் ஒரே பக்கம் அடைக்கக் கூடாது, நம் கற்கள் இருக்கும் பக்கத்தை அடைத்தால்தான் அவை பலப்படும் என்றார். பித்தான் வைத்து ஆடிய அண்ணன் கேட்டதும் அதுதான். திங்கட்கிழமை அவரிடம் சொல்லத்தான் இறங்கினேன். அவரோ நோட்டை மூடி வைத்து, ஒவ்வொரு வரிசையாக ஒப்பித்துவிட்டு, சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

புதியவர்களை ஆடவிட்டு, ஜெயிப்பவர் ஒருவரைப் பெங்களூர் போட்டிக்கு அனுப்புவதாக ஜனவரியில் அடையாறில் அறிவித்தார்கள். என் பேரோடு தணிகாசலம் அண்ணன் பேரையும் கொடுத்தேன். ஆட்டங்கள் முடியும் முன்பே அவர் கடையில் மூன்று நாள் லீவு கேட்டு வைத்தார். ரயிலில் அரக்கோணத்தைத் தாண்டியதில்லை என்று என்னிடம் கூச்சத்தோடு சொன்னார். கடைசி ஆட்டம் எனக்கும் அவருக்கும்.

நன்றாக ஆடினார். இடப்பக்கம் முழுக்க அவருடைய கற்கள். வேறு வழியில்லாமல், அவர் எங்கே அடைப்பார் என்று தெரிந்தே மூலைக்குள் புகுந்தேன். அவர் கை இடப்பக்கம் போய்த் தயங்கியது. பிறகு வலப்பக்கம் வைத்தார். நான் இடப்பக்கமாக வெளியே வந்தேன். அவருடைய கற்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

மறுநாள் மெஷினிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: “எங்கியோ மறந்துட்டேன் போல தம்பி. இன்னும் ஒழுங்கா படிச்சிருக்கணும்.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நோட்டில் இருப்பது தப்பு, நீங்கள் கேட்டதுதான் சரி என்றேன்.

மெஷின் நின்றது. “எப்போ தெரியும் ஒனக்கு?”

“தீபாவளிக்கு முன்னாடியே.”

அவர் ஊசியிலிருந்து நூலை இழுத்துத் துண்டித்தார். பெங்களூர் போக எனக்குக் கிடைத்த இடத்தை அவருக்கே கொடுக்கிறேன், ஜெயபாரதியிடம் இன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம். மன்னித்துவிட்டதாகவும் ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன்.

“சரி, பேர மாத்திக் குடு” என்றார்.

போனார். ஐந்து ஆட்டத்தில் இரண்டில் ஜெயித்தார். அதை ஜெயபாரதி சொல்லித்தான் அறிந்தேன். இப்போது மதியத்தில் நான் கீழே இறங்கினால் அவருக்கு அவசரமாக ஏதாவது ஒரு பேன்ட் இருக்கிறது.