தாழ்ப்பாள் இல்லாத வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்த நகர் புத்தம் புதியது. வயலை மனை போட்டு விற்றவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். தெருவிளக்கும் சாக்கடையும் பின்னால் வரும் என்றார்கள். அவை வருவதற்குள் வீடுகள் வந்துவிட்டன. முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு கிரகப்பிரவேசமாவது நடக்கும். எந்த வாசலில் வாழைமரம் கட்டியிருந்தாலும் அந்த வீட்டில் என் பெரியம்மா இருப்பாள். புது அடுப்பைப் பற்றவைத்துப் பால் பொங்க வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் குடும்பம் விருத்தியாகும் என்பார்கள். பெரியம்மா வைத்த பால் வேறு திசையில் வழிந்ததாகச் சரித்திரமே கிடையாது. பாத்திரத்தை ஒரு நூல் கிழக்கே சாய்த்து வைப்பாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், மாரடைப்பில் போனபோது எனக்கு எட்டு வயது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருந்த பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பொட்டும் பூவும் போன பிறகு அவளைப் பால் வைக்க யாரும் கூப்பிடவில்லை. நேற்றுவரை கைராசிக்காரி, இன்றைக்கு எதிரே வந்தாலே சகுனத்தடை. தெருவில் அதை யாரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. மூக்கில் இருந்த கண்ணாடியை வீடெல்லாம் தேடியபோது எல்லோரும் சிரித்தோம். கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் வந்து படுத்துக்கொண்ட அன்று யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அம்மா அவளைச் சமையலறைக்குள் விடுவதில்லை. சில காலைகளில் பெரியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு, “உங்க பெரிப்பா இன்னும் வரலியே” என்பாள். ஆரம்பத்தில் அம்மா உண்மையைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் பெரியம்மா அப்போதுதான் சாவுச் செய்தி வந்ததுபோல் அழுதாள். பிறகு, படாளம் வரைக்கும் போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று சொல்லப் பழகிக்கொண்டோம். வெளியில் மூச்சு விடவில்லை. கேட்டவர்களுக்கு ரத்தக்கொதிப்பு, கண் சரியில்லை, அசதி என்று ஆளுக்கொன்று சொன்னோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் தெருக் கடைசியில், ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு பெரிய வீடு எழும்பியது. கட்டியவர் செய்யூர்ப் பக்கத்துக்காரர், நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸம்மா என்போம். சொந்த வீடு கட்டுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கட்டில்கள் பத்துப் பன்னிரண்டு வந்து இறங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறதி நோய் வந்த பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம்.

தெரு கொதித்துப்போனது. நலச் சங்கத் தலைவர் ராணுவத்தில் இருந்தவர். அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“இன்னா சார் இது? பைத்தியக்கார ஆஸ்பத்திரிய கொண்டாந்து நடு நகர்ல வெச்சா, தினம் ஒரு பொணம் போவும். பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடம். நாம பாத்துகினு சும்மா இருக்கணுமா?”

அப்பா சங்கத்தின் செயலாளர். கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்ததால் மனு எழுதுவதில் கெட்டிக்காரர் என்று அவரை அந்தப் பதவியில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றே மனு எழுதினார். மனை விலை விழும் என்பதை அமைதிக்குப் பங்கம் என்றும், பயமாக இருக்கிறது என்பதைப் பொதுநலம் என்றும் எழுதத் தெரிந்தவர் அவர். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பெரியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கைக்குட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் மத்தியில் வேறு பேச்சு ஓடியது. அந்த வீட்டுக்குப் போனவர்களை அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், செத்தால்தான் கதவு திறக்கும் என்று எதிர்வீட்டுப் பையன் சத்தியம் செய்தான். நான் அதை அப்படியே நம்பினேன். பெரியம்மாவின் மறதி தெரிந்தால் அவளையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. அவள் வெளியே போனால் நானும் கூடவே போய், அவள் யாரிடமும் பேசாமல் பார்த்துக்கொண்டேன்.

வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார் நர்ஸம்மா. வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார். யாரும் போகக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் ஆயிற்று. அன்று காலை தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஆனால் ஜன்னல்கள் திறந்திருந்தன.

பள்ளிக்கூட விடுமுறை. பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனாள். நான் கொல்லையில் அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் அடித்துவிட்டு வருவதற்குள் பெரியம்மாவைக் காணோம். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. மாம்பழக் கலர் பட்டுப்புடவை இல்லை. சாமி படத்தில் அம்மா காலையில் வைத்திருந்த குங்குமத்தை யாரோ விரலால் வழித்தெடுத்த தடம் இருந்தது.

தெருவில் ஓடினேன். நெற்றி நிறையக் குங்குமம், கொண்டையில் எங்கள் வீட்டு நந்தியாவட்டை, கையில் தட்டு, தட்டில் நாலு வாழைப்பழம். பெரியம்மா ஏரி வீட்டு வாசலை நெருங்கிவிட்டாள். அங்கே வாழைமரம் கட்டியிருந்தது. அவளுக்கு அது போதும். சங்கமும் தீர்மானமும் அவள் நினைவில் இல்லை. பெரியப்பா போனதும் இல்லை. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“கைய விடுடி. நேரமாவுது. பால் வெக்க ஆளில்லாம காத்துகினு இருப்பாங்க.”

உண்மையிலேயே ஆளில்லாமல்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர், நர்ஸம்மா, அவருடைய தம்பி, இரண்டு கொத்தனார்கள், அவ்வளவுதான் கூட்டம். ஐயருக்குப் பெரியம்மாவைத் தெரியும், பெரியப்பாவின் காரியத்துக்கு வந்தவரும் அவர்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸம்மா பெரியம்மாவின் முகத்தையும், பின்னால் மூச்சு வாங்க நின்ற என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஐயரைப் பேசவிடாமல், “வாங்கம்மா. அடுப்பு இந்தப் பக்கம்” என்றார்.

வீட்டுக்குள் எனக்கு எல்லாம் வினோதமாக இருந்தது. சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி ஓடியது. ஒரு கதவு பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பெயின்ட் பாதியில் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். எந்த அறைக் கதவிலும் உள்ளேயும் தாழ்ப்பாள் இல்லை, வெளியேயும் இல்லை. ஆசாரி வேலையை முடிக்கவில்லை போலிருக்கிறது, அதற்குள் கிரகப்பிரவேசத்துக்கு என்ன அவசரம் என்று பெரிய மனுஷி மாதிரி யோசித்தேன்.

பெரியம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு தீக்குச்சிதான் செலவானது. பாத்திரத்தைத் தூக்கி வைத்தாள். பிறகு விளிம்பில் இரண்டு விரலை வைத்து, கிழக்கே ஒரு நூல் சாய்த்தாள். நர்ஸம்மா அவளை ஒட்டி நின்றுகொண்டார். எதையும் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை மட்டும் அடுப்பின் திருகுக்குப் பக்கத்தில் இருந்தது. பால் நுரைத்து ஏறி, கிழக்கே வழிந்தது. “பொங்கிடுச்சு!” என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நர்ஸம்மா சத்தமில்லாமல் திருகை மூடினார்.

அவர் என் பக்கம் குனிந்து, “பெரியம்மாவுக்கு எத்தன நாளா இப்படி?” என்று கேட்டார்.

“எப்படி?” என்றேன் வெடுக்கென்று.

“ஒண்ணுமில்ல கண்ணு” என்றார்.

வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி, “அண்ணி, வாங்க போலாம்” என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல்கள் மூடி இப்போது கதவுகள் திறந்திருந்தன. பெரியம்மாவின் நெற்றியைத் தெரு மொத்தமும் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு அவளை நடத்தி அழைத்து வந்தார். வீட்டில் அம்மா ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தாள். “ஏம்மா துடைக்கிற?” என்று பெரியம்மா கேட்டாள். அம்மா துடைத்துக்கொண்டே அழுதாள்.

தலைவர் பின்னாலேயே வந்துவிட்டார். “இன்னா சார், உங்க வூட்டு அம்மாவே போயி அடுப்பு பத்த வெச்சிட்டு வராங்க?” என்றார். அந்த வீட்டுக்காரர்கள்தான் வந்து கூப்பிட்டு ஏமாற்றி அழைத்துப் போய்விட்டார்கள் என்றார் அப்பா. யோசித்துச் சொன்னது போலத் தோன்றவில்லை, மாட்டிக்கொண்டவன் வாயில் வருவதுதான் வந்தது. தலைவருக்கு அது வெல்லமாக இனித்தது. தாலியறுத்தவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொட்டு வைத்துப் பால் பொங்க வைத்தார்கள் என்று அது சாயங்காலத்துக்குள் நகர் பூராவும் போய்விட்டது. மனுவிலும் ஏறியது.

நாலாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தலைவர் வீட்டு கார் ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். கூட இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். புறப்படும்போது அம்மா என் தலையை வாரிக்கொண்டே, “பெரிம்மா தானா போனாங்கன்னு சொன்னா, அவங்களுக்குப் பைத்தியம்னு ஊரே சொல்லும். அப்புறம் அங்கதான் கொண்டுபோயி வுடணும்பாங்க” என்றாள். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். பயப்படாமல் நடந்ததைச் சொல் என்றார். நர்ஸம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், “அவங்கதான் எங்க வூட்டுக்கு வந்தாங்க. பெரிம்மா கையப் புடிச்சு இழுத்துகினு போனாங்க” என்றேன். இழுத்ததாகச் சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அதிகாரி நர்ஸம்மாவைக் கேட்டார். ஐயரைக் கூப்பிட்டிருக்கலாம். கொத்தனார்களைக் கூப்பிட்டிருக்கலாம். இந்தப் பெண்ணின் பெரியம்மாவுக்கு மறதி நோய் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தை அத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றார். பொய் ஜெயித்துவிட்டது, எதிராளி வாயடைத்துப்போனார் என்று நான் நினைத்தேன்.

அனுமதி கிடைக்கவில்லை. வந்த கட்டில்கள் லாரியில் திரும்பிப் போயின. லாரி கிளம்புவதற்கு முன் நர்ஸம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்புல ஒரு வூடு பாத்திருக்கேம்மா. ரெண்டு பஸ் மாறணும். எப்ப வேணும்னாலும் வாங்க” என்றார் அம்மாவிடம்.

“எங்க வூட்ல அப்படி யாரும் இல்லீங்க” என்றாள் அம்மா.

“சரிம்மா. அடுப்புகிட்ட நிக்க ஆசப்பட்டா மட்டும் நிக்க வுடுங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னா போதும்.”

அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் எங்கள் வீட்டில் பக்கத்தில் நிற்க யாருக்கு நேரம் இருந்தது? அப்பாவுக்கு ஆபீஸ், எனக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு வீட்டு வேலை தலைக்குமேல். பெரியம்மா தினமும் எழுந்தவுடன் ஏரி வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வாழைமரம் காய்ந்து சாய்ந்தும் யாரும் அவிழ்க்கவில்லை. அவளுக்கு அது இன்னும் கிரகப்பிரவேச வீடுதான். ஒருநாள் வழி தவறி, சென்னை போகும் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் போய்விட்டாள். லாரிக்காரர் ஒருவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

மறுநாள் அப்பா ஆசாரியைக் கூட்டி வந்தார். பெரியம்மாவின் அறைக் கதவில், வெளிப்பக்கமாக, கனமான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வைத்தார்கள். அந்த அறையில்தான் அவள் மேலும் மூன்று வருஷம் இருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் அவளுக்கு இட்லி கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுவது என் வேலை. கதவைச் சாத்தும்போது உள்ளிருந்து, “பால் பொங்கிடுச்சாடி?” என்று கேட்பாள். “பொங்கிடுச்சு பெரிம்மா, கிழக்கதான்” என்பேன். தாழ்ப்பாள் புதிது, இறுக்கமாக இருக்கும். இரண்டு கையாலும் தள்ளிப் போட வேண்டும். போட்டுவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஏரி வீட்டுக்காரர்கள் பெரியம்மாவைக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.